மெத்தனால் வாங்குவோருக்கு: விலை கணக்கிடுவது, சோதிப்பது, இறக்கி வைப்பது

வியாபாரி போனில் சொல்லும் விலை வேறு, மெத்தனால் என்ற தொழிற்சாலை ஆல்கஹால் உங்கள் டேங்கில் இறங்கிய பிறகு ஒரு கிலோவுக்கு ஆகும் விலை வேறு. இரண்டுக்கும் இடையில் துறைமுகச் செலவு, வரி, லாரி வாடகை, கடன் நாட்கள், வெப்பநிலை, கலந்திருக்கும் தண்ணீர் என்று பல ஓட்டைகள் உண்டு. பார்மால்டிஹைடு, பயோடீசல், மருந்து மூலப்பொருள் தயாரிப்பு என்று மாதத்துக்கு ஒன்றிரண்டு டேங்கர் லாரி வாங்கும் ஆலைகளுக்கானது இந்தக் குறிப்பு.

விலை எங்கிருந்து வருகிறது

சீனாவுக்கு வெளியே மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இருந்து தயாராகிறது. எரிவாயுவையும் நீராவியையும் நிக்கல் வினையூக்கியின் மேல் 800 முதல் 900 டிகிரியில் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். அந்தக் கலவையை 50 முதல் 100 பார் அழுத்தத்தில், 200 முதல் 300 டிகிரியில், செம்பு-துத்தநாக வினையூக்கி மெத்தனாலாக மாற்றுகிறது. பிறகு காய்ச்சி வடித்துத் தண்ணீரைப் பிரிக்கிறார்கள். சீனாவில் மட்டும் கதை வேறு. அங்கே பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருகிறது.

ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறக்குறைய 30 முதல் 36 மில்லியன் பிடியூ (எரிவாயுவை விற்கும் வெப்ப அலகு) எரிவாயு வேண்டும். மில்லியன் பிடியூ 2 டாலருக்குக் கிடைக்கும் வளைகுடா ஆலைக்கு எரிவாயுச் செலவு 60, 70 டாலரில் முடிந்துவிடும். அதே எரிவாயுவை 10 டாலருக்கு வாங்கும் ஆலைக்கு 300 டாலரைத் தாண்டும். இந்தியாவில் பரூச், டலோஜா, நாம்ரூப் போன்ற இடங்களில் ஆலைகள் இருந்தும் நம் தேவையின் பெரும்பகுதி கப்பலில் வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். உள்நாட்டு ஆலைகளும் குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் விலையைப் பார்த்தே தங்கள் விலையைச் சொல்லும்.

அதனால் விலை ஏறுமா இறங்குமா என்று பார்க்க மூன்று இடங்களில் கண் வைத்தால் போதும். முதலாவது ஈரான். குளிர்காலத்தில் வீடுகளுக்கு எரிவாயுவைத் திருப்பிவிட்டு மெத்தனால் ஆலைகளை நிறுத்துவது அங்கே வழக்கம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நம் மேற்குக் கரையில் சரக்கு இறுகுவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டாவது, சீனாவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் உள்ள இருப்பு. அங்கே மெத்தனாலை எத்திலீன், புரோப்பிலீனாக மாற்றும் ஆலைகள் நஷ்டத்தில் ஓடி நின்றால் அந்தச் சரக்கு மற்ற சந்தைகளுக்குத் திரும்பும். மூன்றாவது, காண்ட்லா, மும்பைக்கு அடுத்த இரண்டு வாரத்தில் வரவிருக்கும் கப்பல்கள்.

விலைகளை ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

அமெரிக்க விலை கேலனுக்கு சென்ட் கணக்கில் வரும். ஒரு டன்னுக்கு 332.6 கேலன். ஆக 95 சென்ட் என்றால் டன்னுக்கு 316 டாலர். சீனாவின் ஜெங்ஜோ சந்தையின் முன்பேர விலை டன்னுக்கு யுவானில் இருக்கும், அதில் 13% வரியும் அடக்கம். 2,400 யுவான் என்று பார்த்தால் முதலில் 1.13ஆல் வகுத்து, பிறகு டாலர் மதிப்பால் வகுக்க வேண்டும். டாலருக்கு 7.1 யுவான் என்று வைத்தால் 299 வரும். வரியைக் கழிக்காமல் ஒப்பிட்டு, சீனாவில் விலை அதிகம் என்று முடிவு கட்டுவோர் நிறைய. மெத்தனெக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் மாதாமாதம் அறிவிக்கும் விலையும் ஒப்பந்தப் பேச்சுக்கான தொடக்கம்தான். உண்மையில் கைமாறும் விலை தள்ளுபடி போகவே இருக்கும்.

இனி உங்கள் வாசல் விலை. எண்கள் எல்லாம் கணக்கு காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை, அன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். துறைமுகம் வரை டன் 300 டாலர், டாலர் 85 ரூபாய் என்றால் 25,500. சுங்க வரி 2.5%, அதன் மேல் 10% சமூக நலக் கூடுதல் வரி, இரண்டும் சேர்த்து 701. துறைமுக டேங்க் வாடகை, கிளியரிங் 1,200. கையாளும்போது ஆகும் இழப்பு அரை சதவீதம், 131. லாரி வாடகை 2,000. சரக்கு விலையும் சுங்க வரியும் சேர்ந்த பணம் 45 நாள் முடங்குவதற்கு ஆண்டுக்கு 12% வட்டி 388. கூட்டினால் 29,920, அதாவது கிலோ 29 ரூபாய் 92 காசு. 18% ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடிந்தால் அதைச் சேர்க்க வேண்டாம்; எடுக்க முடியாத தொழில் என்றால் கட்டாயம் சேருங்கள். காண்ட்லா விலை 1 ரூபாய் குறைவு என்று கோயம்புத்தூருக்குச் சரக்கு எடுப்பவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தால், சென்னை டேங்கில் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்குவதே லாபம் என்று பல நேரம் தெரியவரும்.

லிட்டரில் வாங்காதீர்கள்

மெத்தனாலின் அடர்த்தி 20 டிகிரியில் லிட்டருக்கு 0.791 கிலோ. 35 டிகிரியில் 0.777 ஆகிவிடும். 20,000 லிட்டர் டேங்கர் குளிர்ந்த காலையில் 15,820 கிலோ பிடிக்கும், மே மாத மதியத்தில் 15,540 கிலோதான். வித்தியாசம் 280 கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் 8,400 ரூபாய். டேங்கில் திரவ உயரத்தை அளக்கும் டிப் ராடு காட்டும் அளவு இரண்டு நாளும் ஒன்றாகவே இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. பில் கிலோவில் இருக்கட்டும். வெறும் லாரியும் சரக்கு லாரியும் ஒரே எடைமேடையில் ஏறட்டும். இடையில் டீசல் நிரப்பினால் அதுவும் எடையில் சேரும் என்பது லாரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்குத் தோராயக் கணக்கு: 37% பார்மலின் (தண்ணீரில் கரைத்த பார்மால்டிஹைடு) ஒரு டன்னுக்குக் கோட்பாட்டளவில் 395 கிலோ, 90% விளைச்சலில் 440 கிலோ. பயோடீசலில் 100 கிலோ எண்ணெய்க்கு வினைக்குத் தேவை 11 கிலோ, ஆனால் வினை முழுமையாக நடக்க இரட்டிப்பாக 22 கிலோ ஊற்ற வேண்டும். மிச்சத்தைக் காய்ச்சி மீட்கும் வசதி இல்லாத ஆலை ஒவ்வொரு தொகுதியிலும் பாதி மெத்தனாலை கிளிசரினோடு சேர்த்துக் கழுவி விடுகிறது.

வாசலில் சோதனை

சீல் எண்ணை இ-வே பில்லோடு ஒப்பிட்ட பிறகே மேன்ஹோல் திறக்க வேண்டும். மாதிரியை மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் எடுங்கள். அடி வால்வில் மட்டும் எடுத்தால் குழாயில் தங்கிய பழைய சரக்குதான் வரும். பாட்டில் கண்ணாடியாக, நன்றாக உலர்ந்ததாக இருக்கட்டும். ஒரு பாட்டிலை இரு தரப்புக் கையெழுத்தோடு மூடி வையுங்கள், தகராறு வந்தால் அது ஒன்றுதான் சாட்சி.

சர்வதேசச் சந்தையில் வழங்கும் தர அளவுகள் இவை: தூய்மை குறைந்தது 99.85%, தண்ணீர் அதிகபட்சம் 0.1%, அசிட்டோன் கிலோவுக்கு 30 மில்லிகிராம், குளோரைடு அரை மில்லிகிராம், கந்தகம் அரை மில்லிகிராம். உள்நாட்டுத் தர நிர்ணயம் ஐஎஸ் 517.

அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டரை நம்பி லாரியை உள்ளே விடுவது பலர் செய்யும் வேலை. அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்திருக்க வேண்டும். 1% தண்ணீர் கலந்தால் அடர்த்தி 0.003 அளவுக்குத்தான் ஏறும். 0.1% தண்ணீருக்கு 0.0003. தெர்மாமீட்டர் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு தவறினாலே இந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஆக, ஊற்றிக் கலந்த தண்ணீரை ஹைட்ராமீட்டர் பிடிக்கும். பயோடீசலில் சோப்பு கட்டப் போதுமான 0.3% தண்ணீரைக் கோட்டைவிடும். அதற்குத் தண்ணீரின் அளவை நேரடியாகக் காட்டும் கார்ல் பிஷர் கருவி வேண்டும். கருவி இல்லையென்றால் வெளியே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அசிட்டோனின் அடர்த்தியோ 20 டிகிரியில் 0.790. மருந்து ஆலைகளில் மீட்டெடுத்த கரைப்பானைப் புதுச் சரக்கோடு கலந்து விற்றால் ஹைட்ராமீட்டர் எதுவுமே சொல்லாது, கலவையில் உள்ளதைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராப்தான் காட்டிக்கொடுக்கும். சந்தை விலையை விட கிலோ 3, 4 ரூபாய் குறைவாக ஒருவர் கொடுத்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

வாசலிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. ஒரு பங்கு மெத்தனாலில் மூன்று பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, கருப்புப் பின்னணியில் அரை மணி நேரம் வையுங்கள். பால் போலக் கலங்கினால் டேங்கரில் முன்பு வந்த எண்ணெயோ டீசலோ கலந்திருக்கிறது. மாதிரியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை விட்டுப் பார்க்கும் பெர்மாங்கனேட் சோதனையில் இளஞ்சிவப்பு நிறம் 15 டிகிரியில் 60 நிமிடமாவது நிற்க வேண்டும். அறை வெப்பத்தில் வைத்துவிட்டு 25 நிமிடத்தில் நிறம் போனது என்று சரக்கைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. சூடும் வெளிச்சமும் நிறத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்து 15 டிகிரியில் நிறுத்திப் பாருங்கள்.

இறக்குவதும் வைப்பதும்

பெட்ரோல் டேங்கின் உள்ளே ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் அங்கே தீப்பிடிப்பது அரிது. மெத்தனால் அப்படியில்லை. திரவம் ஏறக்குறைய 12 முதல் 41 டிகிரி வரை இருக்கும்போது டேங்கின் மேல்வெளியில் உள்ள காற்றும் ஆவியும் பற்றக்கூடிய கலவையாகவே நிற்கும். நம் ஊரில் வருடம் முழுக்க அதே வெப்பநிலைதான். அதனால் நைட்ரஜன் போர்வை, அதாவது டேங்கின் மேல்வெளியைக் காற்றுக்குப் பதில் நைட்ரஜனால் நிரப்பி வைப்பது, வீண் செலவு அல்ல. அது முடியாவிட்டால் மூச்சுக் குழாயில் தீத்தடுப்பியும், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லும் கட்டாயம். மழைக்காலத்தில் இரவு குளிர்ந்து டேங்க் உள்ளிழுக்கும் ஈரக் காற்றே நல்ல சரக்கைக் கெடுத்துவிடும்.

லாரி நின்றதும் முதல் வேலை எர்த் கம்பி, ஹோஸ் அதன் பிறகு. நிரப்பும் குழாய் டேங்கின் அடிவரை போக வேண்டும், அதன் வாய் மூழ்கும் வரை வேகம் வினாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. காற்றழுத்தம் கொடுத்து லாரியைக் காலி செய்வதை அனுமதிக்கவே வேண்டாம். டேங்கில் 10% இடம் விடுங்கள். உலர்ந்த மெத்தனாலுக்கு இரும்பு டேங்க் போதும், தூய்மை முக்கியமென்றால் எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத எஃகு. அலுமினியம், ஜிங்க் பூசிய குழாய், ஈயம் மூன்றும் ஆகாது. பிவிசி ஹோஸ் உப்பி இளகும். கேஸ்கெட்டுக்கு டெப்லான் பாதுகாப்பு.

பகல் வெளிச்சத்தில் மெத்தனால் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது, புகையும் இல்லை. சாதாரண நுரை அதில் கரைந்துபோகும், ஆல்கஹாலுக்கான நுரை தனியாக வாங்கி வைக்க வேண்டும். சிந்தியதைத் தண்ணீரால் கழுவினால் குறைந்தது நான்கு மடங்கு ஊற்றுங்கள். 25% கரைசலும் சூடானால் பற்றும். முகத்தில் மாட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் மெத்தனால் ஆவியை நீண்ட நேரம் தடுக்காது. டேங்குக்குள் இறங்க வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க்தான் வேண்டும். தோல் வழியாகவும் அது உடலில் ஏறும். பாதிப்பு 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தெரியலாம் என்பதால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

உரிமமும் இருப்புப் பதிவேடும்

2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இருபதுக்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இறந்தார்கள். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்குத் துறையின் உரிமம் வேண்டும், சோதனைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது இருப்புப் பதிவேட்டை. அங்கேயும் லிட்டர் கணக்குதான் ஆளைச் சிக்க வைக்கிறது. காலையில் 28 டிகிரியில் எடுத்த டிப் அளவும் மாலையில் 36 டிகிரியில் எடுத்த அளவும் 20,000 லிட்டரில் 180, 190 லிட்டர் வேறுபடும். யாரும் எதையும் எடுக்காமலே கணக்கு இடிக்கும். ஒவ்வொரு பதிவிலும் டிப் உயரம், திரவத்தின் வெப்பநிலை, கிலோ மூன்றையும் எழுதுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு டிரம்முக்கும் எண் போடுங்கள். காலி டிரம்மை அடியில் ஓட்டை போட்ட பிறகே பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் அது யார் வீட்டிலாவது தண்ணீர்த் தொட்டியாக நிற்கும்.