கொம்புச்சா ஜாடி: முதலில் கழுவுங்கள், பிறகு கிருமி நீக்குங்கள்

பினாங்கில் வீட்டிலேயே கொம்புச்சா (புளிக்கவைத்த தேநீர்) போட ஆரம்பிப்பவர்கள் தேயிலை, சீனி, ஸ்கோபி (தேநீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்த ஆடை) எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ஜாடியை மட்டும் பைப்பில் ஒரு அலசு அலசிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பகலில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நம் ஊர் வெக்கையும் ஈரக்காற்றும் ஸ்கோபிக்குப் பிடிக்கும். பூஞ்சைக்கும் பிடிக்கும். அதனால் இந்தப் பதிவில் சுத்தம் பற்றி மட்டும் பேசுவோம்.

கழுவும்போது அழுக்கும் எண்ணெயும் போகும். மிஞ்சும் கிருமிகளை ஒடுக்குவது அதற்கு அடுத்த வேலை. முதல் வேலை அரைகுறையாக இருந்தால் இரண்டாவது பலிக்காது. பிசுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியை எந்த மருந்தும் எட்டாது.

முதலில் கழுவுதல். தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைத்த ஜாடி என்றால் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. வாசனை இல்லாத பாத்திரச் சோப்பு, சுடுதண்ணீர், மெத்தென்ற ஸ்பாஞ்ச் போதும். பிளாஸ்டிக் பகுதிகளில் கம்பி நார் படவே கூடாது, கீறலுக்குள் கிருமி குடியேறிவிடும். பழைய தேயிலைக் கறைக்கு, சோடியம் பெர்கார்பனேட் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவையுங்கள். ஊறுகாய் இருந்த ஜாடியின் ரப்பர் வளையத்தில் மணம் போகாது, புது வளையம் போடுங்கள். கடைசியில் சோப்பு நுரை துளியும் இல்லாமல் அலசுங்கள்.

குழாய் வைத்த ஜாடியா? அப்படியானால் இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். குழாயைக் கழற்றுங்கள். மரை, வாஷர், திருகு எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். கொம்புச்சா ஓடிய குழாயின் உள்ளே கஞ்சி ஆடை போல ஒரு வழவழப்பு படிந்திருக்கும். சில சமயம் குட்டி ஸ்கோபியே வளர்ந்து வழியை அடைத்திருக்கும். ஸ்ட்ரா கழுவும் சின்ன பிரஷை இரண்டு பக்கமும் விட்டுத் தேயுங்கள். வாஷருக்குப் பின்னால் ஒட்டியிருப்பதையும் விடாதீர்கள். புதிதாக வாங்குபவர்கள் துருப்பிடிக்காத எஃகு அல்லது உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் குழாயாகப் பாருங்கள். பளபளவென்று முலாம் பூசிய பித்தளை வேண்டாம். கொம்புச்சாவின் புளிப்பு உலோகத்தைக் கரைத்துவிடும்.

அப்புறம் கிருமி நீக்கம். என் தேர்வு ஸ்டார் சான் போன்ற அமிலக் கரைசல்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 1.5 மில்லி. எல்லா இடமும் நனைந்து இரண்டு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும். ஊற்றிவிடுங்கள், அலச வேண்டாம். மிஞ்சும் நுரையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

அது கிடைக்காவிட்டால் வாசனை சேர்க்காத குளோராக்ஸ் (துணி வெளுக்கும் ப்ளீச்): 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, ஐந்து நிமிடம். பிறகு கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மிச்சம் இருந்தால் ஸ்கோபிக்கு ஆகாது. எஃகுக் குழாயை இதில் ஊறவிடாதீர்கள், அரித்துவிடும். மிக முக்கியமாக, குளோராக்ஸையும் வினிகரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும். அமிலக் கரைசலோடு கலந்தாலும் அதே ஆபத்துதான்.

சின்னக் கண்ணாடி பாட்டில்களைக் கொதிக்கவைக்கலாம். பானையின் அடியில் துணி விரித்து, பச்சைத் தண்ணீரிலேயே பாட்டிலை வைத்து, சேர்த்தே சூடாக்குங்கள். கொதி வந்தபின் பத்து நிமிடம். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விழும்.

துண்டால் துடைக்காதீர்கள், துண்டில் உள்ளது ஜாடிக்குள் போகும். சுத்தமான ரேக்கில் கவிழ்த்து வைத்தால் போதும். ஜாடி முழுதாக ஆறிய பிறகே ஸ்கோபியைப் போடுங்கள். அதற்கு முன் கையைக் கழுவி வெள்ளை வினிகரில் அலசிக்கொள்ளுங்கள்.

மூடும் துணியையும் கொதிக்கவைத்துக் காயவைக்க வேண்டும். நெருக்கமாக நெய்த காட்டன் துணியாக இருக்கட்டும். பினாங்கின் பாலிக் புலா பகுதியில் டுரியான் விழும் மாதங்களில் வீட்டுக்கு வீடு பழ ஈ மொய்க்கும். வலைத்துணி கட்டினால் இடுக்கு வழியே உள்ளே போய் முட்டையிட்டுவிடும். துணியை இரண்டாக மடித்து, ரப்பர் பேண்டை இறுக்கமாகப் போடுங்கள்.

கொம்புச்சாவை வடித்தவுடனே ஜாடியையும் குழாயையும் அலசிவிடுங்கள். காய்ந்து ஒட்டிய பிறகு தேய்ப்பதுதான் பெரும்பாடு.