மீன் தொட்டி லைட் தண்ணீரில் விழுந்துவிட்டதா?

முதலில் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, காய்ந்த கையால் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் லைட்டை எடுக்க வேண்டும். பிளக் பாயிண்ட் வரைக்கும் ஈரம் போயிருந்தால் மெயினையே அணைத்துவிடுங்கள்.

கடல்நீர்த் தொட்டி என்றால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, கடைசியில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை அலச வேண்டும், ஏனென்றால் தண்ணீரை விட அது விட்டுப்போகிற உப்புதான் செம்பை அரித்துத் தின்னும். சாதா தொட்டிக்கு இந்தப் பாடு இல்லை.

அப்புறம் ஸ்குரூ இருந்தால் மூடியைத் திறந்து, துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். அரிசிக்குள் புதைப்பதெல்லாம் வீண், தவிடுதான் ஒட்டும். ஹேர் டிரையர் சூட்டில் பிளாஸ்டிக் வளையும். கண்ணாடிக்குள் பனி மாதிரி படிந்திருந்தால் இன்னும் காயவில்லை.

230 வோல்ட் நேராகப் போகிற லைட்டோ, நனைந்த அடாப்டரோ என்றால் காயவைத்துப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். 12 வோல்ட் எல்இடி பட்டை மட்டும் நனைந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, முதல் சோதனையைத் தொட்டிக்கு வெளியே, தரையில் வைத்துச் செய்யுங்கள்.