இரவுக் கூத்தும் ஃபிலிம் கேமராவும்: வெளிச்சத்தை அளப்பதில் தவிர்க்க வேண்டியவை

செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் படமெடுக்க இப்போது ஃபிலிம் கேமராவோடு இளைஞர்கள் வருகிறார்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் நெகட்டிவ்களில் திரும்பத் திரும்ப அதே தவறுகள் தெரிகின்றன. ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ டயலை மாற்ற மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு ரோல் வீணானால் அந்தப் புத்தி தானாக வந்துவிடும்.

ஊசியின் பின்னால் ஓடுவது

கேமராவுக்குள் இருந்து வெளிச்சத்தை அளந்து ஊசியால் காட்டும் மீட்டருக்கு முகம் எது, இருட்டு எது என்று தெரியாது. முன்னால் எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கும் அளவைத்தான் அது சொல்லும். பகலில் இது பெரும்பாலும் ஒத்துவரும். கூத்துக் களத்தில் ஒத்துவராது. ஃபிரேமின் மூலையில் ஒரு டியூப்லைட் வந்தாலோ, துரியோதனனின் கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் மின்னினாலோ, வெளிச்சம் அதிகம் என்று ஊசி எழும்புகிறது. ஷட்டர் வேகத்தை 1/125 வினாடிக்கு ஏற்றுகிறார்கள், முகம் கறுத்துவிடுகிறது. அதே நடிகர் திரும்பி, அவருக்குப் பின்னால் வெறும் இரவு மட்டும் இருந்தால் ஊசி 1/8 கேட்கிறது. அடவு முழுவதும் கலங்கிவிடுகிறது. இரண்டு படங்களிலும் அந்த முகத்தில் விழுந்த வெளிச்சம் ஒன்றேதான்!

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு தம்பி திரௌபதி துகில் முழுவதையும் ஊசியைப் பார்த்துப் பார்த்தே எடுத்தார். நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தால் டியூப்லைட்டுகள் மட்டும் கருங்கோடுகளாகப் பதிந்திருந்தன. திரௌபதியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த நடிகர் அன்று அழுத அழுகையை இனி யார் எடுத்துத் தருவது?

கூத்து தொடங்கும் முன் வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் போங்கள். ஆடுபவர் நிற்கும் இடத்தில் நின்று, உள்ளங்கையை விளக்கின் பக்கம் விரித்து, அது மட்டும் ஃபிரேமை நிறைக்கும்படி வைத்து அளவெடுங்கள். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிறியது; ஆகவே ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டுங்கள். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில், லென்ஸ் திறப்பு எஃப் 2இல், பெரும்பாலும் 1/30 அல்லது 1/60 வரும். களத்தின் ஓரத்திலும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஊசியைப் பார்க்கவே வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் விடியும்வரை அப்படியே இருக்கும். பெட்ரோமாக்ஸ் என்றால் மட்டும், காற்று இறங்கி மங்கும்போதும் மறுபடி காற்றடித்த பிறகும் அளக்க வேண்டும்.

புஷ் செய்தால் (ஃபிலிமைக் கழுவும் ரசாயனமான டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்தால்) வந்துவிடும் என்று நம்புவது

வராது. வெளிச்சம் படாத வெள்ளி உப்பிலிருந்து டெவலப்பர் எதையும் எடுத்துத் தர முடியாது. நேரத்தைக் கூட்டினால் ஏற்கெனவே பதிந்த பகுதிகள்தான் மேலும் அடர்த்தியாகும். 400 ஃபிலிமை 1600 என்று முன்கூட்டியே தீர்மானித்து எடுப்பது வேறு. அங்கே நிழல்கள் போகும் என்று தெரிந்தே எடுக்கிறோம். வீட்டுக்கு வந்தபின் தேடும் பரிகாரமாக அதை நினைக்காதீர்கள்.

மீட்டரின் எல்லையை அறியாதது

பென்டாக்ஸ் கே1000 கேமராவின் மீட்டர், ஐஎஸ்ஓ 100 கணக்கில் ஈவி 3 வரைதான் அளக்கும் (ஈவி என்பது வெளிச்சத்தின் அளவெண்; எண் குறையக் குறைய இருட்டு). 400 ஃபிலிமில் அது எஃப் 2, 1/8 வினாடி. அதற்கும் கீழே ஊசி ஏதோ ஓர் இடத்தில் நிற்கும். அதை நம்பக் கூடாது. ஐஎஸ்ஓ டயலைத் திருப்பினாலும் மீட்டரின் பார்வை கூர்மையாகாது. அவ்வளவு இருட்டில், முகம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அளந்து, வரும் நேரத்தை 5 மடங்காக்குங்கள். தாள் சுமார் 90 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மீட்டர் எதிர்பார்க்கும் நடுத்தரச் சாம்பல் அட்டை 18 சதவீதம்தான்.

தவறான பேட்டரி

1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்த கேமராவில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் அளவு பிறழும்.

ஃபிளாஷ்

கூத்தில் வேண்டாம்.

நீண்ட எக்ஸ்போஷரில் மீட்டரை அப்படியே கேட்பது

கூத்து முடிந்த களத்தையோ குளக்கரை விளக்குகளையோ முக்காலியில் வைத்து எடுப்பவர்களுக்கு இது. ஒரு வினாடியைத் தாண்டினால் பெரும்பாலான ஃபிலிம்களின் உணர்திறன் குறையத் தொடங்கும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸுக்கு மீட்டர் 10 வினாடி சொன்னால் 20 கொடுங்கள். 30 சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். ஃபியூஜி அக்ரோஸுக்கு 2 நிமிடம் வரை திருத்தமே தேவையில்லை. நீங்கள் வாங்கும் ஃபிலிமின் கணக்கை ஒரு தாளில் எழுதி கேமராப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.