தேன்மெழுகு பாலிஷ்: தேக்குக்கும் கடப்பா கல்லுக்கும்

வீட்டு மரச்சாமான்களுக்கு மெழுகு பூச நினைப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, வார்னிஷ் செய்யும் வேலையை மெழுகு செய்யாது என்பதே. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆகவே சூடான காப்பி டம்ளரை வைத்தால் மெழுகிட்ட மேசையில் வட்டத் தடம் விழத்தான் செய்யும். பழைய தேக்குப் பெட்டி, புத்தக அலமாரி, பூஜை மாடம், நிலைக்கதவின் உட்புறச் செதுக்கு வேலை ஆகியவற்றுக்கு மெழுகு அழகு சேர்க்கும். சாப்பாட்டு மேசைக்கும் சாரல் படும் வாசற்கதவுக்கும் அது போதாது.

கடையில் கிடைக்கும் மெழுகு பாலிஷே போதும் என்றாலும், வீட்டில் தயாரிப்பதும் கடினமன்று. 100 கிராம் தேன்மெழுகைச் சீவி, 15 கிராம் கார்னாபா மெழுகுடன் ஒரு பாத்திரத்தில் இட்டு, அதைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னாபா 80 டிகிரிக்கு மேல்தான் உருகும்; அதனால் நம் கோடைக்காலத்தில் பாலிஷ் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்காமல் இருக்க அது உதவுகிறது. உருகியதும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்து, அடுப்பையும் அணைத்து, காற்றோட்டமான வெளியிடத்துக்குக் கொண்டுபோன பிறகே 350 மில்லி டர்பன்டைனை மெல்லக் கலக்க வேண்டும். டர்பன்டைனின் ஆவி சுமார் 35 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது என்பதால், இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. ஆறியபின் கலவை வெண்ணெய்ப் பதத்தில் உறையும்.

பூசும் இடத்தில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக் கூடாது. வெறும் மரமாக இருந்தால் 220 எண் உப்புத்தாளால் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, தூளைத் துடைத்துவிட வேண்டும். பிறகு, கண்ணில் படாத ஒரு மூலையில் சிறிது பூசிப் பார்ப்பது நல்லது. மரம் சற்றே கறுப்பது அங்கேயே தெரிந்துவிடும். பனியன் துணியில் சுண்டைக்காய் அளவு மெழுகை எடுத்து, பட்டும் படாமலும் வட்டமாகத் தேய்க்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் கை தாராளமாகிவிடுகிறது. தடிப்பாகப் பூசினால் பளபளப்பு கூடாது, விரல் தடம்தான் கூடும். இருபது நிமிடம் கழித்து, ஈரப் பளபளப்பு மங்கி, மேற்பரப்பு பனி படர்ந்ததுபோல் ஆனதும், வேறொரு சுத்தமான துணியால் அழுத்தி மினுக்க வேண்டும். துணி தடையின்றி வழுக்கத் தொடங்கினால் அந்தப் பூச்சு முடிந்தது. செதுக்கு வேலைப்பாட்டின் இடுக்குகளுக்கு ஷூ பிரஷ்ஷைவிடச் சிறந்த கருவி இல்லை. இரண்டாம் பூச்சை மறுநாள் போடலாம்.

கல்லுக்கு வருவோம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடங்கள் பார்க்க வேண்டும். நீரை உறிஞ்சிக் கல் கறுத்தால் மெழுகு ஏற்கும். சொட்டு அப்படியே நின்றால், பாலிஷ் செய்த கிரானைட்டைப் போல, அதற்கு மெழுகு வீண். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை என்பதால் எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் அதன் மேற்பரப்பையே அரித்து வெளுக்கச் செய்யும்; மெழுகு அதைச் சிறிது நேரம் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. ஆகவே சமையல் மேடையைவிட, கடப்பா அலமாரித் தட்டுகளுக்கும் ஜன்னல் திண்டுக்கும் பூசுவதே பயனுள்ளது. கல்லைக் கழுவியபின் ஒரு நாளாவது உலரவிட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் மெழுகின் அடியில் வெண்திட்டுகள் தோன்றும். சிவப்பு ஆக்சைடு தரைக்கும் இதே முறைதான். படிக்கட்டு, குளியலறை, முதியோர் நடமாடும் வழி ஆகியவற்றில் மட்டும் வழுக்கும் என்பதால் தவிர்த்துவிட வேண்டும்.

மெழுகிட்ட மரத்துக்குப் பின்னாளில் வார்னிஷ் அடிக்க விரும்பினால், பழைய மெழுகை முற்றிலும் நீக்காமல் புதுப்பூச்சு ஒட்டாது. டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்து, துணி அழுக்காகாமல் வரும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரும்பு நாரைப் பயன்படுத்தக் கூடாது. அதன் துகள்கள் மரத்தில் தங்கி, ஈரம் பட்டதும் கருப்புப் புள்ளிகளாகும். பயன்படுத்திய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே விரித்து நன்றாக உலர்த்திய பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.