தண்ணீர்த்தடிக்கு இலேசான பிரஷ்: வாங்கும்போது விடும் தவறுகள்

கொக்கைத்தடியால் மாங்காய் பறித்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும். வெறுந்தடி கையில் பாரமாகவே இருக்காது. நுனியில் ஒரு சின்னச் சத்தகத்தைக் கட்டியதும் தடி தன் பாட்டுக்குச் சாயத் தொடங்கும். யன்னல் கழுவும் தண்ணீர்த்தடியிலும் இதுதான் நடக்கிறது. சத்தகத்தின் இடத்தில் பிரஷ் இருக்கிறது, அதுவும் நனைந்த பிரஷ்.

‘வோட்டர் ஃபெட் போல்’ என்ற பெயரில் விற்கப்படும் இந்தத் தடியின் வேலை எளிது. தடிக்குள்ளால் மெல்லிய குழாயில் சுத்தத் தண்ணீர் மேலே போகும். பிரஷில் இருக்கும் ஜெற் (தண்ணீர் பீய்ச்சும் சின்னத் துளைமுனை) வழியாக அது கண்ணாடியில் விழும். தும்பு ஊத்தையைக் கிளப்ப, தண்ணீர் அதைக் கழுவி இறக்கும். துடைக்கத் தேவையில்லை, ஏணியும் தேவையில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏ9 வீதியோரமாக முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடங்கள் கூடிவிட்டதால், இந்த வேலைக்கு இறங்குபவர்களும் தடியைத் தெரிவு செய்யப் பாடுபடுகிறார்கள். பிரஷ் விஷயத்தில் மட்டும் பெட்டியில் போட்டிருக்கும் எடையைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் அந்த எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். தடியை 6 மீற்றருக்கு நீட்டியிருக்கிறீர்கள். கீழ்க்கை தடியின் அடியில், மேற்கை அதிலிருந்து 1 மீற்றர் மேலே. நுனியில் 200 கிராம் கூடினால், தடியை நிலத்திலிருந்து கிடையாகத் தூக்கும்போது மேற்கையில் இறங்கும் மேலதிகப் பாரம் 1.2 கிலோ. தடியை நிமிர்த்தி, நேர்க்குத்திலிருந்து 20 பாகை சரித்து வேலை செய்யும்போது அது 400 கிராம் அளவுக்குக் குறையும். ஆனால் ஒவ்வொரு மேல் இழுப்பிலும் அந்த 200 கிராமைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஒரு கண்ணாடிக்கு 20 இழுப்பு, நாளுக்கு 40 கண்ணாடி என்று வைத்தால் 800 தடவை. கூட்டிப் பார்த்தால் 160 கிலோ. பின்னேரம் தோள்மூட்டு வலிப்பது இதனால்தான்.

காய்ந்த எடையை நம்புவது

பெட்டியில் இருக்கும் எடை காய்ந்த பிரஷின் எடை. காய்ந்த பிரஷால் யாரும் யன்னல் கழுவுவதில்லை. தும்பு நெருக்கமாக உள்ள பிரஷ் இடுக்குகளில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இயற்கை மயிர் தண்ணீரைத் தானே குடிக்கவும் செய்யும். காய்ந்திருக்கையில் ஒரே எடை காட்டிய இரண்டு பிரஷ்கள் நனைந்த பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நிற்கலாம்.

சோதிக்க ஒரு வாளியும், மீன் நிறுக்கும் தொங்கு தராசும் போதும். பிரஷை வளைகழுத்து (பிரஷைத் தடி நுனியோடு சரித்துப் பூட்டும் துண்டு), ஜெற், இணைப்புக் குழாய் எல்லாவற்றோடும் பூட்டுங்கள். வாளித் தண்ணீரில் 5 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். எடுத்து ஒரேயொரு தரம் உதறிவிட்டு நிறுங்கள். அதுதான் உங்கள் தோள் சுமக்கப் போகும் எடை. காய்ந்த 12 அங்குலப் பிரஷ்கள் 300 கிராம் அளவிலும் உண்டு, 600 கிராமைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் பாரமான ஒரு உலோக வளைகழுத்தே இலேசான பிரஷால் கிடைத்த இலாபத்தைத் தின்றுவிடும்.

குழாயையும் மறந்துவிடுகிறார்கள். உள்விட்டம் 5 மில்லிமீற்றர் உள்ள குழாயில் மீற்றருக்கு 20 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் நிற்கும். 6 மீற்றருக்கு 120 கிராம் என்று வையுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் அரை அங்குலக் குழாயைத் தடியோடு கட்டினால் அதே 6 மீற்றரில் 760 கிராம் தண்ணீர், குழாயின் எடை வேறு. பிரஷில் 150 கிராம் மிச்சம் பிடிக்க இரட்டிப்பு விலை கொடுத்துவிட்டு இந்தக் குழாயைக் கட்டுவதில் என்ன பிரயோசனம்?

எதைக் குறைத்து இலேசாக்கினார்கள் என்று கேட்காதது

பிரஷ் சும்மா இலேசாகாது. தும்புக் குஞ்சங்களின் எண்ணிக்கையைக் குறைப்பார்கள், அல்லது தும்பின் நீளத்தைக் குறைப்பார்கள், அல்லது தும்பு பதித்திருக்கும் கட்டையை உள்ளே கோதாக்குவார்கள். மூன்றுக்கும் விலை உண்டு. குஞ்சம் குறைந்தால் தேய்ப்பு குறையும். தும்பு குட்டையானால் சட்டத்தின் விளிம்புக்குள் போகாது. கட்டை கோதானால் புரி பூட்டும் கழுத்து முதலில் வெடிக்கும்.

வன்னியில் முதலாவதுதான் அதிகம் கடிக்கும். இங்கே கண்ணாடியில் இருப்பது நகரத்துப் புகைப்படலம் மட்டுமல்ல. சோளகம் அடிக்கும் மாதங்களில் கிறவல் வீதிப் புழுதி அடுக்கடுக்காக ஏறும். இடையில் ஒரு தூறல் விழுந்தால் அது சேறாகிப் பிறகு காய்ந்து இறுகும். அதன் மேல் ஒட்டறை, பறவை எச்சம், சட்டத்தின் மூலையில் குளவியின் மண்கூடு. தும்பு ஐதான, மிக மெல்லிய பிரஷ் இதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். 10 இழுப்பில் முடிய வேண்டிய கண்ணாடிக்கு 25 இழுப்புப் போகும். இலேசான பிரஷால் இரண்டரை மடங்கு இழுப்பு, சற்றுப் பாரமான பிரஷால் ஒரு மடங்கு: எது தோளுக்கு நல்லது என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே தெரிவு ஊத்தையோடு தொடங்க வேண்டும். மாதம் ஒருமுறை கழுவும் கட்டடத்துக்கு ஐதான, இலேசான செயற்கைத் தும்புப் பிரஷ் போதும். வருடம் ஒருமுறை, அதுவும் வருடப்பிறப்புக்கோ திருவிழாவுக்கோ முதல் மட்டும் கழுவும் கட்டடத்துக்கு முதற் கழுவலுக்கு ஒரு விறைப்பான பிரஷ் தனியாக வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே பிரஷ் செய்யும் என்று எதிர்பார்ப்பதே பாதிப் பிரச்சினை.

தும்பின் வகையைப் பார்ப்போம். செயற்கைத் தும்பில் நைலோனும் பொலியெஸ்ரர் வகையும் பொதுவானவை. நைலோன் தண்ணீரை உறிஞ்சி மெதுவாகும். கடையில் கையால் அழுத்தும்போது விறைப்பாக இருந்தது, வாளியில் கால் மணித்தியாலம் கிடந்த பிறகு துவண்டுவிடலாம். பொலியெஸ்ரர் வகைத் தும்பு ஈரத்திலும் பெரும்பாலும் அதே விறைப்போடு நிற்கும். எனவே விறைப்பை நனைத்த பிறகுதான் கையால் பார்க்க வேண்டும். தும்பின் நுனி பிளந்து பஞ்சுபோல இருந்தால் அது மெதுவான வகை. தண்ணீரை நன்றாக ஏந்தும், ஆனால் மண்துணிக்கைகளையும் ஏந்திக்கொள்ளும். புழுதிக் கண்ணாடியில் முதலில் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு மண்ணை இறக்காமல் அந்த நுனியால் தேய்த்தால், மண்ணிலுள்ள படிக மணல் கண்ணாடியில் கீறு போடும். பிறகு பிரஷைக் குறை சொல்லிப் பயனில்லை.

பன்றி மயிர்ப் பிரஷ் என்று ஒன்று உண்டு. ஊத்தையைக் கிளப்புவதில் அதை அடிக்க ஆளில்லை என்று சொல்பவர்கள் பலர், அது பொய்யுமல்ல. ஆனால் நனைந்தால் பாரம், விலை கூட, தேய்வும் கூட. வெளி வரிசையில் செயற்கைத் தும்பும் உள்ளே பன்றி மயிரும் கலந்த வகை இடைப்பட்டது. இங்கே வேறொரு விஷயமும் இருக்கிறது: பள்ளிவாசல், முஸ்லிம் வீடுகள், கோயில் மண்டபங்கள், சைவச் சாப்பாட்டு வீடுகள் ஆகியவற்றுக்கு இந்தப் பிரஷைக் கேட்காமல் கொண்டுபோகக் கூடாது. விற்பவர் ‘இயற்கைத் தும்பு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், ஒரு மயிரைப் பிடுங்கி நெருப்பில் காட்டிப் பாருங்கள். விலங்கு மயிர் என்றால் தலைமயிர் பொசுங்கும் மணம் வரும், கையால் நசிக்கச் சாம்பலாக உதிரும். செயற்கைத் தும்பு உருகி முத்தாகத் திரளும்.

அகலம் கூடினால் வேலை கெதியாக முடியும் என்ற நினைப்பு

முகப்பு முழுக்க ஒரே கண்ணாடி என்றால் 16, 18 அங்குலப் பிரஷ் சரி. வீட்டு யன்னல் அப்படியல்ல. மரச்சட்டத்துக்குள் ஒடுங்கிய கண்ணாடிகள், நடுவில் குறுக்குச் சட்டங்கள். அகலப் பிரஷ் சட்டங்களில் ஏறி நிற்கும், தும்பு கண்ணாடியைத் தொடாது, மூலைகள் நாலும் அப்படியே இருக்கும். 10 அல்லது 12 அங்குலம் போதும். பக்கத் தும்பு வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தால் மூலைக்குள் போகும். சோளகக் காற்றில் அகலப் பிரஷ் பாய் பிடித்ததுபோல இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜெற்றைப் பற்றி யோசிக்காதது

இரண்டு வகை. மெல்லிய நேர்க்கோட்டில் பீய்ச்சுவது ஒன்று, விசிறிபோல விரிப்பது மற்றது. கோப்பைத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிப் பாருங்கள். தாள்போலப் படர்ந்து இறங்கினால், பிரஷைக் கண்ணாடியில் வைத்தபடியே அலசலாம். முத்துமுத்தாக உருண்டால், பிரஷைக் கண்ணாடியை விட்டு எடுத்து மேலிருந்து அலச வேண்டும். நுனிப் பாரம் உண்மையில் தெரிவது இந்த எடுப்பில்தான். அப்படிப்பட்ட கண்ணாடிக்கு விசிறி ஜெற் உதவும், ஆனால் அதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்கு 1.5 முதல் 2 லீற்றர் வரை போதும்.

அந்தத் தண்ணீர் மேலே போய்ச் சேருகிறதா என்பதும் கேள்வி. 10 மீற்றர் உயரத்துக்குத்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். 5 மீற்றர் உயரத்தில் இருக்கும் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் 6 மீற்றரில் இருக்கும் மேல்மாடி யன்னலுக்கு ஏறாது. சின்ன 12 வோல்ற் பம்ப் வேண்டும். வயலுக்கு மருந்தடிக்கும் பற்றரி மிசினில் இருப்பதும் பெரும்பாலும் அந்த வகைப் பம்ப்தான். 16 லீற்றர் கொள்ளும் மிசின், நிமிடத்துக்கு 1.5 லீற்றர் என்றால் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். ஆனால் ஒருதரமாவது மருந்தோ களைநாசினியோ ஊற்றிய மிசினை இதற்கு எடுக்கவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் குழாயிலும் றப்பரிலும் மிச்சம் நிற்கும், அது யன்னல் வழியாக வீட்டுக்குள் போகும்.

புள்ளி விழுந்தால் பிரஷை மாற்றுவது

இது காசை வீணாக்கும் தவறு. காய்ந்த பிறகு கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி நின்றால், பத்துக்கு ஒன்பது தரம் குற்றம் தண்ணீரில். வன்னியின் கிணற்றுத் தண்ணீரும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் கடினமானவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எதுவோ, அதுவே கண்ணாடியிலும் படிகிறது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ரிடிஎஸ் மீற்றர் 500 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 500 பங்கு) காட்டினால் ஒவ்வொரு லீற்றரிலும் அரைக் கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று பொருள். துடைக்காமல் காயவிடும் முறைக்கு 10 பிபிஎமுக்குள் வேண்டும், பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் இன்னும் நல்லது.

ஊரில் குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீர் (சவ்வு வடிகட்டியால் உப்பு நீக்கியது) சரிவருமே என்று நினைப்பார்கள். குடிக்க நல்ல தண்ணீர் என்பதற்காக அது 10க்குள் இருக்கும் என்றில்லை. மீற்றரைப் போட்டுப் பாருங்கள். கூட இருந்தால் கடைசியில், மிச்ச உப்புகளைப் பிடிக்கும் ஒரு ரெசின் வடிகட்டி பூட்ட வேண்டும். ஆர்ஓவுக்குப் பின்னால் பூட்டினால் ரெசின் நெடுநாள் வரும், கிணற்றுத் தண்ணீரை நேரே விட்டால் கெதியில் முடிந்துவிடும். மாரியில் சுத்தமான விரிப்பில் பிடித்த மழைத்தண்ணீரும் மோசமில்லை, முதல் மழையை ஓடவிட்டால்.

புரி, கழுத்து, வெயில்

தடி நுனியின் புரியும் பிரஷின் புரியும் ஒன்றா என்று வாங்க முன்னரே கேளுங்கள். ஐரோப்பியப் புரியும் அமெரிக்கப் புரியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் மற்றதைப் பலாத்காரமாக முறுக்கினால் முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் பிளாஸ்ரிக் புரி அறுந்துபோகும். தபாலில் எடுத்த சாமானைத் திருப்பி அனுப்புவது இங்கிருந்து இலகுவல்ல. கழுத்துப் பகுதி மட்டும் தனியாக மாற்றக் கிடைக்கிறதா என்பதையும் கேட்டுவையுங்கள், ஏனெனில் இலேசான பிரஷில் முதலில் போவது அதுதான்.

தடி காபன்ஃபைபராக இருந்தாலும் அலுமினியமாக இருந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும். பிரஷ் இலேசாகி, தடியைச் சுழற்றுவது சுகமானதும் மேலே வயர் போவதை மறப்பது நடக்கும். தடியைக் கிடையாக வைத்து நீட்டுவதற்கு முன்பே சுற்றிப் பார்த்து, வயருக்குக் கிட்ட உள்ள பக்கத்தை விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பிரஷை அலசி, தும்பு எதிலும் படாமல் நிழலில் தொங்கவிட வேண்டும். தும்பில் ஊன்றி நிறுத்தினால் ஒரு பக்கம் மடங்கிவிடும். மடங்கியதைச் சுடுதண்ணீரில் சற்று அமிழ்த்தி, நிமிர்த்திக் காயவிட்டால் ஓரளவு திரும்பும். லான்மாஸ்ரரின் (இருசில்லு உழவு மிசினின்) பெட்டியில் வெயிலில் போட்டுவைத்த இலேசான கட்டை விறைத்து உடையும்.