வேலைக்குப் போகும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பம் என்று தெரிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுப்பதைத்தான் முதலில் சொல்வேன். "குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லும்போது, விடுப்பு விதி என்ன என்று பார்க்கவே தோன்றுவதில்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அந்த விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்குவது சட்டப்படி குற்றம். முதலில் விடுப்பை எடுங்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்பதை, உடம்பு தேறி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்ன வழி என்று தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சரி, விட்டே ஆக வேண்டிய நிலை என்றால்? பி.எஃப். பணத்தைத் துடைத்து எடுக்காதீர்கள். சீமந்தச் செலவுக்கும் மைத்துனரின் தொழிலுக்கும் கரைந்துபோவது பெரும்பாலும் இந்தப் பணம்தான். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வருமான வரி வேறு வரும். அதைவிடப் பெரிய இழப்பு, பி.எஃப்.-உடன் சேர்ந்து வரும் பென்ஷனில். பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாத பென்ஷன் கிடைக்கும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், பார்த்த வருடங்கள் கணக்கிலிருந்து போய்விடும். அடுத்த வேலையில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எடுக்காமல் விட்டு, புதிய வேலையில் அதே யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுத்து மாற்றிக்கொண்டால் பழைய வருடங்களும் சேரும்.

திரும்பி வேலைக்குப் போகிறவர்கள் நேர்காணலில் தாங்களே சம்பளத்தைக் குறைத்துக் கேட்கிறார்கள். மூன்று வருடம் வீட்டில் இருந்ததற்கு அபராதம் கட்டுவது மாதிரி. அந்த வேலைக்கு இன்று என்ன சம்பளம் தருகிறார்கள் என்று அதே துறையில் இருக்கும் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு அதைக் கேளுங்கள்.

அடுத்தது வீட்டுக்கடன். கணவர் சம்பளத்துக்கு மட்டும் பேங்க் போதுமான தொகை தராது என்பதால் மனைவியையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவார்கள். ஆனால் கிரயப் பத்திரம் கணவர் பெயரில் மட்டும், சில வீடுகளில் மாமனார் பெயரில் இருக்கும். இ.எம்.ஐ. தவறினால் பேங்க் உங்களையும் கேட்கும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சரியும். வீட்டில் மட்டும் சட்டப்படி உங்களுக்குப் பங்கிருக்காது. கடனில் பெயர் இருந்தால் பத்திரத்திலும் பெயர் வேண்டும். இதைப் பதிவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பணம் கேட்பதாக நினைத்துக் கூச்சப்பட ஒன்றுமில்லை, கட்டுவது நீங்கள்தானே. ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான்: கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு.

சம்பள ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

கடைசியாகப் பிறந்த வீடு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி, பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு, மணமானவளாக இருந்தாலும். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்தச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே மணமானவர்கள் அதில் விடுபட்டிருந்தார்கள். அண்ணன் தம்பி விடுதலைப் பத்திரத்தில் (உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) கையெழுத்து கேட்டால், அன்றே சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். நகல் ஒன்றை வாங்கி, அவர்கள் பார்த்து வைத்த வக்கீலிடம் இல்லாமல், நீங்களாகத் தேடிப் போன ஒரு வக்கீலிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும், எத்தனை சென்ட், இன்று என்ன விலை என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுங்கள்.