காய்ச்சல் போயும் போகாத இருமல்: ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு செய்முறை

காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். மூக்கொழுகல் ஒரு வாரத்தில் நின்றுவிடும். இருமல் மட்டும் வாரக்கணக்கில் ஆளை விடாது. பின்னிரவில் எழுப்பி உட்கார வைத்துவிடும். ஆஸ்துமா உள்ள பலருக்கு வைரஸ் சளி வந்துபோகும் விதமே இதுதான். கிருமி போயிருக்கும், ஆனால் அது கிளறிவிட்ட மூச்சுக்குழாய் வீக்கம் ஆறியிருக்காது. அதனால்தான் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் இந்த இருமலை அசைப்பதில்லை. சளி மஞ்சளாக வருவதை வைத்து மட்டும் பாக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது.

போன மழைக்காலத்தில் எனக்கும் இப்படித்தான் இழுத்துக்கொண்டே போனது. மருத்துவர் சொல்லிக்கொடுத்ததையும், செய்து பார்த்துப் பலன் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். ஏற்கெனவே இன்ஹேலர் கையில் இருப்பவர்களுக்கானது இது. மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; நான் சொல்வது அதைச் சரியாக உள்ளே கொண்டுசேர்க்கும் வழி.

படி 1: எந்த இன்ஹேலர் எதற்கு

நிறத்தை நம்பாதீர்கள், மேலே எழுதியிருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். சால்பியூட்டமால் (அஸ்தாலின் போன்றவை) சில நிமிடங்களில் இறுக்கத்தைத் தளர்த்தும். நான்கு முதல் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தை ஆற்றுவது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலை வெளியிடும் ஜினா அமைப்பு, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்பியூட்டமாலை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதல் சொல்லிவருகிறது.

ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் பெரியவர்கள் பயப்படுவார்கள். இது மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குப் போகும் மருந்து, போதைப் பழக்கம் போல ஒட்டிக்கொள்வதில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இருமல் கொஞ்சம் குறைந்ததும் நாமாக நிறுத்திவிடக் கூடாது.

படி 2: ஸ்பேசர்

நான் அதிக நேரம் தடுமாறிய இடம் இதுதான், எனவே நிதானமாகவே எழுதுகிறேன்.

இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அழுத்தினால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். இடையில் ஒரு ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) இருந்தால் அந்த மருந்துப் புகை சற்று நின்று, வேகம் தணிந்து, உள்ளே இறங்கும். மூடியைக் கழற்றி, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். வாய்க்குழலை உதடுகளால் இடைவெளியில்லாமல் கவ்வி, ஒரே ஒரு பஃப் மட்டும் அழுத்துங்கள். மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து வினாடி அடக்கி, பிறகு விடுங்கள். சில ஸ்பேசர்களில் வேகமாக இழுத்தால் விசில் சத்தம் வரும். விசில் கேட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

இருமல் உள்ளவருக்கு அந்தப் பத்து வினாடிதான் சிக்கல். ஆழமாக இழுக்கும்போதே தொண்டை கரகரத்து, பாதியில் இருமல் வெடித்துவிடும். மருந்தும் வெளியே போய்விடும். இதற்கு வழி உண்டு. வால்வு உள்ள ஸ்பேசராக வாங்குங்கள். ஒரு பஃப் அழுத்தியதும் வாயை எடுக்காமல் ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சை இழுத்து விடுங்கள், போதும். வால்வு வெளிமூச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் உள்ளே உள்ள மருந்து கலையாது. இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, மறுபடி ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தி ஒரே மூச்சில் இழுக்காதீர்கள்.

ஸ்பேசரைக் கழுவுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிளாஸ்டிக்கைத் துணியால் துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்துத் துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி எடுத்து, துடைக்காமல் காற்றாடக் காயவிடுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

ரோட்டாகேப் (உறிஞ்சி இழுக்கும் பொடி மருந்து அடைத்த கேப்சூல்) பயன்படுத்துபவர்களுக்கு: பொடி மருந்துக்கு இழுப்பு நேர்மாறு. வேகமாகவும் பலமாகவும் இழுத்தால்தான் பொடி நுரையீரலுக்குப் போகும். இளைத்துக்கொண்டு கிடக்கும் நாளில் அந்த பலம் பலருக்கு இருப்பதில்லை. அதனால் நோய் நாட்களுக்கு ஸ்பேசர்தான் மேல் என்பது என் உறுதியான கருத்து. மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 3: பீக் ஃப்ளோ மீட்டர்

கொரோனாவுக்குப் பிறகு நிறைய வீடுகளில் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைத்தான். குழாய்கள் நன்றாகவே சுருங்கியிருக்கும்போதும் ஆக்ஸிஜன் 97 காட்டலாம், அது கடைசியில்தான் இறங்கும். ஊதும் வேகமோ முன்கூட்டியே குறைந்து நமக்குச் சொல்லிவிடும்.

நின்றுகொண்டு, நிறைய மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் 'ஹஃப்' என்று ஊதுங்கள். கடைசிவரை ஊதி முடிக்க வேண்டியதில்லை, தொடக்க வேகம்தான் கணக்கு. மூன்று முறை ஊதி, அதிகமானதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும், மருந்து எடுப்பதற்கு முன் பார்ப்பது நல்லது. உடம்பு நன்றாக இருந்தபோது வந்த உச்ச அளவு 400 என்று வைத்துக்கொண்டால், 320-க்கு மேல் இருக்கும்வரை வழக்கமான மருந்து போதும். 200-க்கும் 320-க்கும் இடையில் வந்தால் மருத்துவர் எழுதிக்கொடுத்த கூடுதல் மருந்துத் திட்டத்தைத் தொடங்க வேண்டும். 200-க்குக் கீழே என்றால் மருத்துவமனைதான்.

படி 4: வீட்டுக்குள்

கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி மூன்றையும் இருமல் தீரும்வரை நிறுத்துங்கள், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். மிளகாய் வறுக்கும்போது அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துத் தலையணையை உயர்த்திப் படுத்தால் நெஞ்செரிச்சலால் வரும் இருமல் குறையும்.

வேது பிடிப்பது மூக்கடைப்புக்குச் சற்று இதமாக இருக்கலாம், ஆனால் சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்காது. யூகலிப்டஸ் தைலம் சேர்த்தால் சிலருக்கு இளைப்பு கூடும். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகளுக்குத் தீக்காயம் படும் ஆபத்தும் உண்டு. மிளகு ரசமும், வெந்நீரில் தேனும் தொண்டைக்கு நல்லவை (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது). உடம்புவலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டிவிடும்.

படி 5: எப்போது காத்திருக்கக் கூடாது

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, சால்பியூட்டமால் எடுத்து நான்கு மணி நேரம்கூட நிற்கவில்லை: இவற்றில் எது வந்தாலும் உடனே 108. அதுவரை நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாகச் சால்பியூட்டமால் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் முதலுதவியாகக் கற்றுத்தரும் முறை நினைவில் வைக்க எளிது: தனித்தனியாக நான்கு பஃப், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, நான்கு நிமிடம் காத்திருப்பு, தேறவில்லை என்றால் மறுபடியும் அதே நான்கு. படுக்க வைக்காதீர்கள்.

பின்னர் சேர்த்தது

எல்லாம் சரியாகச் செய்தும் அம்மாவுக்கு இளைப்பு குறையவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுகிறாரா என்று பாருங்கள். டிமோலால் என்ற சொட்டு மருந்து கண் வழியாக உடம்பில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. பதற்றத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் ப்ரோப்ரனலாலும் அப்படியே. நீங்களாக நிறுத்தாமல், ஆஸ்துமா இருப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லி மாற்று கேளுங்கள்.

இன்னொன்று, பலர் கேட்டது: எத்தனை நாள் பொறுக்கலாம்? இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு நம் நாட்டில் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆஸ்துமா இருப்பவருக்கும் காசநோய் வரும். அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை இலவசம். 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விவரம் கேட்கலாம். மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் போய்விடுங்கள்; போகும்போது காலண்டரில் குறித்த பீக் ஃப்ளோ அளவுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.